சாவியில்லாப் பூட்டுக்கு ரெண்டு சாவி

ஏப்பா பேராண்டி, காருக்குப் பின்னாடி ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுத் திரியிறியே! டிரெயிலராம். உள்ள கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, கக்கூசு இருக்கு. அமெரிக்காவுல சம்பாரிக்கிற, வாங்கிட்ட, நல்லா இரு. ஆனா அதோட வாசக்கதவுப் பூட்டை மாத்துறதுக்கு நீ படுத்துற பாடு இருக்கே, அதைத்தான் பாக்கச் சகிக்கல. வீடியோவா பாத்துத் தள்ளுற. எந்தப் பூட்டு என்ன வெலை, எத்தனை நட்சத்திரம்னு எக்செல்லு வேற போட்டு வச்சிருக்க. பூட்டு மாத்த எக்செல்லு போட்டவனை நான் இப்பத்தான்டா பாக்குறேன்.

நான் திண்டுக்கல்காரன். அரத்தால சாவி ராவுற சத்தத்துலயே வளந்தவன். 2019ல எங்க ஊருப் பூட்டுக்குப் புவிசார் குறியீடே குடுத்தாய்ங்க. அது கைக்கு வர்றதுக்குள்ள பூட்டு செஞ்சவன்ல நெறையப் பேரு வேற பொழப்பைத் தேடிப் போயிட்டான், அது தனிக் கதை. பூட்டுனா ரெண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்கு, கேட்டுக்க.

மொதல்ல ஒண்ணு. பழைய பூட்டை எவனாவது தொறந்துருவான்னு நீ பயந்ததுல நியாயம் இருக்கு, இல்லைங்கல. நமக்குப் பட்டாசுனா சிவகாசி, இவிய்ங்களுக்கு டிரெயிலருனா எல்க்கார்ட்டு. இண்டியானா மாநிலத்துல இருக்கு. நாட்டுல ஓடுற வண்டியில பெரும்பாலானது அந்த வட்டாரத்துல செஞ்சதுதான். வண்டி மேல எழுதியிருக்கிற பேரு எத்தனையோ இருக்கும். கதவுக்குப் பூட்டு செஞ்சு குடுக்கிறவனை விரல் விட்டு எண்ணிரலாம். அவன் ஒவ்வொரு வண்டிக்கும் உக்காந்து புதுசு புதுசாவா சாவி வெட்டுவான்? கொஞ்சம் நம்பரை வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்திப் போட்டு விட்டுருவான். அதுல நீ வாங்கினது பழைய வண்டி. வித்தவன் ஒரு சாவி வச்சிருப்பான், அவன் மச்சான் ஒண்ணு வச்சிருப்பான், ரிப்பேருக்கு விட்ட கடையில ஒண்ணு தொங்கும். மாத்து, கட்டாயம் மாத்து. மாத்துறதுக்கு எதுக்குடா இந்த ஆர்ப்பாட்டம்?

நம்பரு அமுக்கித் தொறக்கிற பூட்டு வாங்கினியே, ஏன்னு கேட்டா "சாவியே வேணாம் தாத்தா"ங்கிற. சரி, டப்பாவைப் பிரிச்சா உள்ள என்ன இருந்துச்சு? ரெண்டு சாவி! பேட்டரி செத்துப்போனா தொறக்கணுமாம். அந்த ரெண்டையும் எங்க வச்ச? டிரெயிலருக்குள்ள, கரண்டி போடுற இழுப்பறையில. கெட்டிக்காரன்டா நீ! குளிருல பேட்டரி சீக்கிரம் மடங்கிரும். ராத்திரி மலைக்காட்டுல வெளிய நின்னுக்கிட்டு அந்த இழுப்பறையை நெனச்சுப் பெருமூச்சு விடப் போற.

நம்பரு ரகசியம்னு வேற சொல்ற. உம் பொண்டாட்டி கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "என்னங்க, நம்பரு என்ன?"ன்னு கேக்கும். நீ அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டே அங்கேருந்து கத்துவ. பக்கத்து வண்டிக்காரனுக்குத் தமிழ் தெரியாதுங்கிற தைரியம். ஏன்டா, பேசுறது தமிழ்னாலும் நம்பரை மட்டும் நீங்க இங்கிலீசுலதானேடா சொல்றீங்க?

போகட்டும், வாங்கினதை மாட்டு. அதுக்கு எவனையும் கூப்பிட வேணாம். கதவோட உள்பக்கம் பாரு, நாலு திருகாணி. வெளிக்கட்டையையும் உள்கட்டையையும் சேத்துப் பிடிச்சிருக்கிறது அதுதான். கதவு ஓரத்துல ரெண்டு மூணு இருக்கும், அதையும் கழட்டு. பூட்டு ரெண்டாப் பிரிஞ்சு கைக்கு வந்துரும். அந்த ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்தியா? மேல மெல்லிசாத் தகடு, உள்ள தெர்மாகோலு மாதிரி ஒரு நுரைக்கட்டி. அம்புட்டுத்தான் உன் கதவு! இதுக்கா கோட்டைக்குப் போடுற பூட்டைத் தேடின?

ஓட்டையை அளந்துக்க. அகலம் 2¾ அங்குலம், உயரம் 3¾ அங்குலம் இருந்தா, கடையில விக்கிற பூட்டுல முக்காவாசி அப்படியே உக்காந்துரும். கதவு கனத்தையும் பாத்துக்க. அளக்காம மாட்டப் போயி அப்புறம் தகட்டை அறுத்துக்கிட்டுத் திரியாத. கீல் எந்தப் பக்கம் இருக்குன்னும் பாரு, சில பூட்டுல அதுக்கும் கணக்கு உண்டு.

மாட்டுறப்ப அந்த டிரில்லு மிசினைத் தூர வை. கையால முடுக்கு. மிசினைப் போட்டுக் கிர்ருனு இறுக்கினா ரெண்டு கட்டையும் நெருக்கிக்கிட்டு, கைப்பிடி இழுத்தா திரும்பாது, நாக்கும் ஒழுங்கா வெளிய வராது. அப்புறம் பூட்டு சரியில்லன்னு கடைக்காரன் மேல பாயுவ. இன்னொண்ணு, இதை மறக்காத: கதவைத் தொறந்து வச்சுக்கிட்டே சாவியைப் போட்டுப் பாரு, நம்பரை அமுக்கிப் பாரு, உள்பக்கத்துல இருந்தும் இழுத்துப் பாரு. நாலு தடவை நாக்கு ஒழுங்கா உள்ள போயி வெளிய வந்தாத்தான் கதவைச் சாத்தணும். நீ ஆர்வக் கோளாறுல டம்முனு சாத்திட்டு நிப்ப. பூட்டு மக்கர் பண்ணுச்சுன்னா உள்ள இருக்கிறவன் எப்படி வெளிய வருவான்? ஒரு சன்னல்ல சிவப்புப் பிடி இருக்கு பாரு, அவசரத்துக்குத் தள்ளிக்கிட்டுக் குதிக்கிற சன்னல். வாங்கினதுலேருந்து அதை ஒரு தடவையாவது தொறந்து பாத்தியா? பாத்திருக்க மாட்ட. அதுல என்ன, நம்பர்ப் பூட்டு மாதிரி லைட்டா எரியுது?

பூட்டு பின்னால இறுகுச்சுன்னா சமையல் எண்ணெயை ஊத்தாத, தூசி போயி ஒட்டிக்கும். பென்சில் கரித்தூள் கொஞ்சம் ஊதி விடு, போதும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். வண்டியோட முன்பக்கம் போ. ரெண்டு பக்கமும் சின்னதா ஒவ்வொரு கதவு இருக்கா? சாமான் போடுற அறை. அதோட சாவியை எடுத்து, அதுல என்ன பொறிச்சிருக்குன்னு படி. சிஎச் 751. நெனச்சேன்! அது உன் சாவி இல்லடா, ஊரு பொதுச் சாவி. நீ தங்குற கேம்புல பாதிப் பேரு கொத்துல அது கெடக்கும். கெடக்கலன்னாலும் கடையில சில டாலருக்கு எவன் கேட்டாலும் குடுப்பான், உன் பேரை எல்லாம் கேக்க மாட்டான்.

அதனால என்னங்கிறியா? அந்த அறைக்கு மேல என்ன இருக்கு? உன் கட்டில். பலகையைத் தூக்கினா அறைக்குள்ள கை விடலாம்னு நீதானே பெருமையாக் காட்டுன? மேலேருந்து தூக்க முடிஞ்ச பலகையைக் கீழேருந்து தள்ள முடியாதா? வாசல்ல நம்பரு கேட்டுக் கீச்சுக்கீச்சுனு கத்துற பூட்டு, படுக்கையறைக்கு ஊரு பொதுச் சாவி! கடுகு போற இடத்தை ஆராய்வான், பூசணிக்கா போற இடம் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாய்ங்க.

இன்னும் பெரிய பூசணிக்கா ஒண்ணு இருக்கு. வண்டியைக் காருலேருந்து கழட்டி நிறுத்திட்டு ஊரு சுத்தப் போறியே, முன்னாடி இழுவைக் கப்ளருக்குப் பூட்டுப் போட்டியா? போடல. உள்ள வர்றதுக்கு எவன்டா கஷ்டப்படுவான்? அவன் காருல மாட்டி வீட்டோட கொண்டு போயிருவான். அப்பவும் அந்த நம்பர்ப் பூட்டு கதவுல பத்திரமாத்தான் இருக்கும், கவலைப்படாத.

ஆக, நாளைக்குக் கடைக்குப் போறப்ப கப்ளருக்கு ஒரு பூட்டு வாங்கு. அந்தச் சின்னக் கதவுகளுக்கு வேற சாவி உள்ள குட்டிப் பூட்டு வாங்கு. பின்னால ஒரு நட்டைக் கழட்டினா பழசு வந்துரும், உம் பையனே மாட்டிருவான். கரண்டி இழுப்பறையில கெடக்கிற சாவியில ஒண்ணை எடுத்து உன் கார்ச் சாவிக்கொத்துல கோத்துக்க, இன்னொண்ணை உம் பொண்டாட்டிகிட்டக் குடு. இதையெல்லாம் முடிச்சிட்டு வாசக்கதவுக்கு வா. அரை மணி நேர வேலை, திருப்புளியை நான் பிடிச்சுக்கிறேன்.