ஆணிக்குத் தெரியாத அலுவலக நேரம்

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். உலகம் அதை மறந்துபோனதால் 1888இல் டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்தார். டயரை இரண்டு முறை கண்டுபிடித்த மனித குலம், பஞ்சரானால் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக அதிர்ச்சி அடைகிறது. சைக்கிளில் அலுவலகம் போகிறவர் பையில் மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில், சார்ஜர் எல்லாம் இருக்கும். மாற்று டியூபும் கைப்பம்பும் இருக்காது. கேட்டால், தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை இருக்கிறதே என்பார். இருக்கிறதுதான். ஆனால் பல கடைகள் டியூப்லெஸ் டயரில் திரி செருகுவதோடு தொழிலை முடித்துக்கொள்கின்றன. சைக்கிளைக் கண்டதும் கடைக்காரர் முகத்தில் காற்று இறங்கிவிடுகிறது. காலை எட்டரைக்கு அவர் ஷட்டரைத் தூக்கியிருந்தால், அதுவே உங்கள் நல்ல நேரம்.

டியூபுக்குள் ஜெல் ஊற்றிவிட்டேன், கவலையில்லை என்பார் இன்னொருவர். முள் குத்திய சிறு துளையை ஜெல் அடைக்கும். காற்றுக் குறைந்த டயரை வேகத்தடையில் ஏற்றினால், ரிம் டியூபை நசுக்கி அருகருகே இரண்டு ஓட்டை போடுமே, அங்கே அதன் வித்தை பலிப்பது அரிது. இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட சாதுவான மேடு. நம் தெருமுனையிலோ அது படுத்துக்கிடக்கும் மதில். ஆகவே செலவில்லாத முதல் தயாரிப்பு, வாரம் ஒருமுறை காற்றடிப்பது. பழைய வகை வால்வு உள்ள டியூபில் காற்று இறங்கினால், ஆணியே குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. நைந்த வால்வு ரப்பராக இருக்கலாம், எச்சில் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். மாற்று டியூப் கொண்டுபோகும் முன்யோசனைக்காரரும், அதை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது. பழைய முள் அங்கேயே வேலை நேரத்தில்தான் இருக்கும்.