பேரை மீட்டினா சத்தம் வருமா, பேராண்டி?

வாடா பேராண்டி, உட்காரு. தறிப் பக்கம் வேணாம், பாவுல கால் பட்டா நூல் அறுந்துடும். திண்ணையில உட்காரு. ஒரகடத்துல கம்பெனி வேலை, மாசம் பொறந்தா சம்பளம், இப்போ ஒன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு கிட்டாரு வாங்கணுமாம். தாத்தன் வேணாம்னா சொல்லப் போறேன்? தாராளமா வாங்கு. கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: வாசிக்கக் கத்துக்கினியா? இன்னும் இல்லியா? பரவாயில்ல. அவ்ளோ காசு குடுத்தா அதுவே வாசிக்கும்.

மூஞ்சியத் தூக்கிக்காத. பேரைப் பாத்து வாங்கறவங்களை வச்சுப் பொழைக்கிற ஊருடா நம்ம காஞ்சிபுரம். முகூர்த்த மாசத்துல காந்தி ரோட்டுக்குப் போய் நின்னு வேடிக்கை பாரு. அம்மா கார்ல வந்து எறங்குவாங்க. சேலையை விரிச்சுப் போட்டா மொதல்ல தேடறது விலைச் சீட்டை. பதினெட்டாயிரம்னு இருந்தா, "வேற நல்லதா காட்டுங்க"ன்னுவாங்க. கடைக்காரன் லேசுப்பட்டவனா? உள்ள போயி ஒரு டீ குடிச்சிட்டு, அதே சேலையை வேற டப்பாவுல மடிச்சு வச்சு எடுத்தாந்து, "இது ஸ்பெஷலா ஒருத்தருக்கு எடுத்து வச்சதும்மா, முப்பத்தஞ்சு"ன்னுவான். அம்மாவுக்கு உச்சி குளுந்துடும். சேலைக்கு மட்டும்தான் தெரியும், அது ரெண்டு தடவை வெளிய வந்த கதை.

பிள்ளையார்பாளையத்துல ஒரே மாஸ்டர் பத்து தறிக்குப் பாவு குடுப்பாரு. சேலை எறங்கினதும் ரெண்டு உள்ளூர்க் கடைக்கு, நாலு தி.நகருக்கு, மீதி பெங்களூருக்கு. நெய்ஞ்சவனுக்குக் கூலி ஒண்ணுதான். அப்பால ஏறுறதெல்லாம் ஏ.சி., கண்ணாடி மாளிகை, நடிகை சிரிக்கிற விளம்பரம். கோயில் வாசல்லேர்ந்து உன்னைக் கூட்டிக்கினு போய் கடையில விட்ட ஆட்டோக்காரருக்கும் அதுலதான் பங்கு. விலை ஏறுச்சு, சேலை அப்படியேதான் கீது.

அப்போ எல்லாச் சேலையும் ஒண்ணான்னு கேளு. அப்படிக் கேட்டாத்தான் நீ என் பேரன். ஒண்ணு இல்லடா. சேலையைப் பொரட்டி, கரையும் உடம்பும் சேர்ற எடத்தைப் பாரு. அதுதான் கோர்வை. கரைக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம், மூணு நாடா ஓடணும். தறியில ஒருத்தன் உட்கார்ந்தா போதாது, கரை நாடாவைத் தள்ள பக்கத்துல இன்னொரு ஆளு வேணும். பசங்க படிக்கப் போனது நல்லதுதான், ஆனா அந்த ரெண்டாவது ஆளு கெடைக்காமயே கோர்வைத் தறி கொறைஞ்சு போச்சு. முந்திக்கு வேற நிறம்னா பழைய பாவு நூலையும் புதுப் பாவு நூலையும் ஒவ்வொரு இழையாக் கோத்து வாங்கணும், அதுக்குப் பெட்னின்னு பேரு. ஜரிகையைக் கொஞ்சம் உரசிப் பாரு. நல்ல ஜரிகைன்னா உள்ள சிவப்புப் பட்டு நூல், அது மேல வெள்ளிக் கம்பி, அதுக்கும் மேல தங்க முலாம். புவிசார் குறியீட்டுக்கு எழுதின கணக்குல வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். ஓரத்துல ஒரு இழையை உருவிக் கொளுத்தினா முடி கருகற வாசனை வரணும், சாம்பல் வெரல்ல நொறுங்கணும். உருண்டையா உருகிச்சுன்னா பாலியஸ்டரு.

இதெல்லாம் பாக்க ரெண்டு நிமிஷம் ஆவாது. ஆனா கத்துக்கணுமே! பேரைப் பாத்து வாங்கறவனுக்கு அந்தத் தொல்லை இல்ல. யோசிக்கிற வேலையையும் சேத்துக் கடைக்காரன் கிட்ட குடுத்துட்டு வந்துடலாம். மத்திய பட்டு வாரியம் 2004லேர்ந்து சில்க் மார்க் முத்திரை குடுக்குது. நல்லதுதான், ஆனா அது பட்டா இல்லியான்னு மட்டும்தான் சொல்லும். கைத்தறியா விசைத்தறியா, ஜரிகை இன்னா தரம்னு சொல்லாது. கைத்தறிக்குன்னு ஒதுக்கின சேலையை விசைத்தறியில ஓட்டக் கூடாதுன்னு 1985ல சட்டமே போட்டாச்சு. இருந்தாலும் ஓடுது, வாங்கறவங்களும் சிரிச்சிக்கினே வாங்கினு போறாங்க.

இப்போ ரகசியம் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிடாத. நம்ம ஊரே ஒரு பிராண்டுதான். பட்டு நூல் கர்நாடகாவுலேர்ந்து வருது, ஜரிகையில பெரும்பாலும் சூரத் சரக்கு. ஆரணிக்காரனும் திருபுவனத்துக்காரனும் நமக்குக் கொறைஞ்ச கைகாரனுங்க இல்ல. ஆனா "காஞ்சிபுரம்"னு சொன்னா சம்பந்தி வீட்டுல மரியாதை. 2005-06ல புவிசார் குறியீடு வாங்கினதும் அந்தப் பேரைக் காப்பாத்தத்தான். அதனால பேரே வேணாம்னு நான் சொன்னா வரதராஜப் பெருமாள் கோயில் பல்லி கூட சிரிக்கும். பேருக்குப் பின்னால கோர்வை இருந்தா அந்தப் பேருக்குக் காசு குடு. பேருக்குப் பின்னால இன்னொரு பேருதான்னா ஓடி வந்துடு.

உன் கிட்டாரு கதையும் அதேதான். போன வாரம் நீயே போன்ல காட்டினியே, ஃபெண்டர் கிட்டாரை அமெரிக்காவுல கொரோனாங்கற ஊர்லயும் செய்யறாங்க, எல்லை தாண்டி மெக்சிகோவுல என்செனாடாவுலயும் செய்யறாங்கன்னு. தலையில அதே பேரு, விலை மட்டும் வேற. கோர்ட்டுன்னு ஒரு கொரியாக்காரன் இந்தோனேசியாவுல பெரிய ஃபேக்டரி வச்சுக்கினு பல கம்பெனிக்குக் கிட்டாரு செஞ்சு குடுக்கறானாமே. அவன்தான்டா அந்த ஊரு மாஸ்டரு. நம்ம நாட்டுல நெறைய பேரு மொதமொதல்ல வெரல் தேய்ஞ்சது கல்கத்தா கிவ்சன் கிட்டாருலதான், அவங்க யாரும் பாட்டு வராம செத்துப் போவல.

வயலின்காரங்களைச் சோதிச்சுப் பாத்த கதை தெரியுமா? 2010ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல, ஒரு ஹோட்டல் ரூம்ல வெளிச்சத்தைக் கம்மி பண்ணி, தேர்ந்த வாசிப்பாளிங்க 21 பேருக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டாங்க. பழைய மர வாசனையை வச்சுக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு தாடை வைக்கிற எடத்துல சென்ட்டு கூடத் தடவினாங்க. கையில குடுத்தது ஆறு வயலின். மூணு புதுசு, மூணு பழசு; பழசுல ரெண்டு ஸ்ட்ராடிவேரியஸ். வீட்டுக்கு எடுத்துக்கினு போக எது வேணும்னு கேட்டா, 13 பேரு புதுசைக் காட்டினாங்க. யாருக்கும் அவ்வளவாப் பிடிக்காம கடைசியில நின்னது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். கோடிக்கணக்குல விலைடா அதுக்கு! பாவம், அதன் பேரை யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல போலிருக்கு.

சரி, எழுந்துக்கோ. மவுண்ட் ரோட்டுல மியூசி மியூசிக்கல் கீது, 1842லேர்ந்து அந்தக் கடை நடக்குது. வாசிக்கத் தெரிஞ்ச சிநேகிதன் ஒருத்தனையும் கூட்டிக்கினு போ. கண்ணை மூடிக்கோ, மூணு விலையில மூணு கிட்டாரை மாத்தி மாத்தி அவனை வாசிக்கச் சொல்லு. அப்பால நீ மடியில வச்சுப் பாரு, கழுத்துப் பிடி உன் கைக்கு அடங்குதா, தந்தியை அழுத்தினா வெரல் நோவுதான்னு. எது பிடிச்சுதோ அதை எடு. அது ஒன்றரை லட்சமே ஆனாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். பதினஞ்சாயிரம்தான்னா, மீதியில உங்கம்மாவுக்கு ஒரு சேலை எடு. நெசவாளர் சொசைட்டியிலயே எடு. பில்லு போடறதுக்கு முன்னாடி பொரட்டிப் பாரு.