சைலன்சர்: ஒரு சொல்லாராய்ச்சி

‘சைலன்சர்’ ஆங்கிலத்தில் வாயடைப்பவரையும் வாயடைக்கும் பொருளையும் குறிக்கும் பெயர்ச்சொல். வேர் லத்தீன். தமிழுக்கு வந்தபின் அது முழுக்க அஃறிணை ஆகிவிட்டது. ஆளை அடக்க வாய்ப்பூட்டு முதலிய சொற்கள் இங்கே ஏற்கெனவே பணியில் இருந்ததால், புதிதாக வந்த சொல்லுக்கு வண்டிக்கடியில் இருக்கும் குழாயில்தான் வேலை கிடைத்தது. இதே குழாயை அமெரிக்கர் மப்ளர் என்பர். தமிழரின் மப்ளரோ மார்கழிப் பனியில் காதைச் சுற்றிக் கட்டுவது. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989), 120-ஆம் விதியில், பிரிட்டிஷ் வழக்கான சைலன்சரையே எடுத்தாள்கின்றன.

இச்சொல்லை ஆராயத் தக்க களம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம். 1955 முதல் திருவொற்றியூர்ப் பக்கம் உருவான புல்லட், 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் தன் பிறப்பிடத்தை விரித்தது. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் 500 வெடி. அதாவது நொடிக்கு எட்டு. குழாய்க்குள் இருக்கும் அறைகளும் தடுப்புத் தகடுகளும் ஒவ்வொரு வெடியையும் முட்டித் திருப்பி, களைப்படையச் செய்து வெளியே விடுகின்றன. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தொழிற்சாலையைத் தாண்டும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது.

வழக்காறு இதற்கு நேர் எதிர். ‘சைலன்சர் மாத்திட்டான்’ என்றால், தெருமுனையில் வரும்போதே தெரியும் என்று பொருள். ‘பஞ்சாப் சைலன்சர்’ என்பது இன்னும் தொலைவிலேயே தெரியும். சில குழாய்களில் ‘டிபி கில்லர்’ என்றொரு செருகி உண்டு. ஒலியைக் கொல்லப் பிறந்த அதைத்தான் வாங்கியவர் முதலில் கழற்றுகிறார். ‘சைலன்சர் சுட்டுடுச்சு’ என்பது தனி வகை. பின்னிருக்கையில் அமர்ந்தவரின் கெண்டைக்கால் வடுவே அதற்குச் சான்று.

கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் இடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கு என்பது நன்னூல் உரைமரபு. இரவு ஷிப்ட் முடித்து உறங்குபவரை நண்பகலில் எழுப்பும் குழாயைச் சைலன்சர் என்பதும் அவ்வகையே. சட்டம் மட்டும் இதை மங்கலமாகக் கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி, 2019 திருத்தத்துக்குப் பின், ஒலி வரம்பை மீறுபவருக்கு முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு.

அதே 2019-இல் ஹூண்டாயின் கோனா மின்கார் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதற்குப் புகைக்குழாய் இல்லை. ஆகவே சைலன்சரும் இல்லை. மெதுவாகச் செல்லும்போது பாதசாரிக்குக் கேட்கட்டும் என்று செயற்கையாக ஒலி எழுப்பும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மங்கல வழக்கின்படி சைலன்சர் என்ற பெயர் இனி அதற்கே உரியது.