ஆஸ்லோ வழி ஹவுன்ஸ்லோ

இவருக்கு வீடு லண்டனில், ஹவுன்ஸ்லோ வெஸ்டில். பிக்காடிலி லைனில் ஏறினால் அடுத்தது ஹாட்டன் கிராஸ், அதற்கடுத்தது ஹீத்ரோ, இரண்டே ஸ்டேஷன். மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் விமானங்கள் வீட்டு ஓட்டை உரசுகிற மாதிரி இறங்கும். சமையலறையில் பேசுகிறவர்கள் பாதியில் நிறுத்தி, சத்தம் தாண்டிப் போனபின் மீதியைச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் குடியிருப்பவர் சிங்கப்பூருக்குப் புறப்பட்டால் முதலில் போகிற ஊர், நார்வே நாட்டு ஆஸ்லோ. முதல் நாள் சாயங்காலம் ஏதோ ஒரு மலிவு விமானத்தில் அங்கே போய், விமான நிலைய ஓட்டலில் படுத்து, விடியுமுன் எழுந்து, ஆஸ்லோ–லண்டன்–சிங்கப்பூர் என்று போட்ட பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டில் ஏறி, தன் வீட்டுக் கூரைமேலேயே பறந்து வந்து ஹீத்ரோவில் இறங்குவார். சிங்கப்பூர் விமானம் அங்கிருந்துதான். அதே விமானத்துக்கு வீட்டிலிருந்து நேரே வந்தவர்களைப் பார்த்து, “டைரக்டாவா போறீங்க?” என்று கேட்பார். பக்கத்துக் கட்டில் நோயாளியிடம் “டாக்டர் என்ன சொன்னார்?” என்று விசாரிக்கிற குரல் அது.

இவர் கணக்கில் தப்பு என்று சொல்லிவிட முடிந்தால் வேலை சுலபம். ஆனால் கணக்கு சரி. கோயில் வாசல் கடையில் தேங்காய் ஒரு விலை, நாலு தெரு தள்ளி மளிகைக் கடையில் ஒரு விலை. காய் ஒன்றுதான், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர் திரும்பிப் போய் வாங்கமாட்டார் என்பது வாசல் கடைக்காரருக்குத் தெரியும். விமான வியாபாரத்தில் லண்டன் அந்த வாசல். வங்கிகளும் வக்கீல் நிறுவனங்களும் தங்கள் ஆட்களுக்கு டிக்கெட் எடுக்கிற ஊர். போகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர். நேராகப் போனால் போதும், எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்லோக்காரரோ எப்படியும் எங்கேயாவது மாறித்தான் போவார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் மாறலாம், ஆம்ஸ்டர்டாமில் மாறலாம், இஸ்தான்புல்லிலும் தோஹாவிலும் மாறலாம். அவரை லண்டன் பக்கம் இழுக்க விலையைக் குறைத்தே ஆக வேண்டும். அதனால்தான் அதிக தூரம் பறக்கிற டிக்கெட் குறைந்த விலைக்கு வருகிறது. இதற்குமேல் பிரிட்டிஷ் அரசின் விமானப் பயணி வரி. 1994 நவம்பரில் பிறந்தபோது ஐரோப்பாவுக்குள் 5 பவுண்டு, மற்ற இடங்களுக்கு 10 பவுண்டு என்று பூனைக்குட்டி மாதிரி இருந்தது. 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் போகிறவருக்கு எகானமியில் உட்கார்ந்தால் 94 பவுண்டு, பிசினஸ் கிளாஸில் படுத்தால் 224 என்று வளர்ந்துவிட்டது. ஆனால் வேறு நாட்டிலிருந்து ஒரே டிக்கெட்டில் வந்து 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறுகிறவருக்கு அந்த வரி கிடையாது. ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்தால் உண்டு, ஆஸ்லோவிலிருந்து வந்தால் இல்லை! அயர்லாந்தில் 2014இலேயே விமான வரியை எடுத்துவிட்டார்கள், ஆகவே டப்ளின். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு விமான நிலையங்களுக்கு விலக்கு, ஆகவே இன்வெர்னெஸ். சிங்கப்பூரில் இருக்கிற இதே ரகத்தாருக்குக் கொழும்பும் ஜகார்த்தாவும். பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வது போல இந்த ஊர்களைச் சொல்வார்.

தப்பு இருப்பது ‘மிச்சம்’ என்கிற சொல்லில். ஒரு பேச்சுக்கு, லண்டனிலிருந்து பிசினஸ் கிளாஸ் 3,000 பவுண்டு, ஆஸ்லோவிலிருந்து 1,800, லண்டனிலிருந்து எகானமி 700 என்று வைத்துக்கொள்வோம். 1,200 பவுண்டு மிச்சம் பிடித்ததாக ஊரெல்லாம் சொல்வார். 3,000 பவுண்டு கொடுத்து என்றைக்காவது டிக்கெட் எடுத்திருப்பாரா? மாட்டார், அந்த விலையைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார். ஆஸ்லோ என்ற ஊர் உலகப்படத்தில் இல்லாமல் போயிருந்தால் 700 கொடுத்து எகானமியில் முழங்காலை மடக்கிக்கொண்டு போயிருக்கிற ஆள். ஆக, நடந்தது 1,100 பவுண்டு கூடுதல் செலவு. ஆடித் தள்ளுபடியில் 10,000 ரூபாய்ப் புடவையை 6,000 கொடுத்து வாங்கி வந்து, நாலாயிரம் சம்பாதித்ததாக வீட்டில் சொல்கிற சாமர்த்தியம்தான் இது. புடவையாவது வீட்டில் இருக்கும். அப்புறம் ஆஸ்லோ போக விமானம், திரும்பி வர விமானம், ஓட்டல், ஓட்டலில் தொண்டையில் இறங்காத விலைக்கு ஒரு சாண்ட்விச். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே 1,800 என்பதால் பழமொழி கொஞ்சம் இடிக்கிறது, போகட்டும்.

“விமானக் கம்பெனிக்காரன் மட்டும் நியாயமா? ஒரே சீட்டுக்கு ஆளுக்கொரு விலை வைக்கிறானே!” என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அதிலிருந்து, தாம் அவர்களை முறியடித்துவிட்டதாக ஒரு முடிவுக்குத் தாவுகிறாரே, அங்கேதான் சிரிப்பு வருகிறது. ஆளில்லாமல் பறந்துபோன இருக்கையை மறுநாள் விற்க முடியாது. மீன்காரருக்காவது கருவாடு போட வழி உண்டு. ஆகவே ஒரே இருக்கையைக் கொடுக்க முடிந்தவருக்கு அதிக விலைக்கும் முடியாதவருக்குக் குறைந்த விலைக்கும் விற்று, நடுவில் ஒரு வேலி போடுவது அவர்கள் தொழில். 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனத்தைச் சமாளிக்க இதைப் பெரிய அளவில் செய்தது. மலிவு டிக்கெட் வேண்டுமென்றால் முன்கூட்டியே எடுக்கவேண்டும் என்பது அங்கே வேலி. நாளைக் காலை கூட்டம் என்று இன்று தெரிகிற அதிகாரி அதைத் தாண்ட முடியாது, விடுமுறைக்குப் போகிறவர் தாண்டலாம். ஆஸ்லோவும் அப்படி ஒரு வேலிதான். வங்கி அதிகாரி ஒரு ராத்திரியைச் செலவழித்து அதைத் தாண்டமாட்டார், நம்மவர் தாண்டுவார். தாண்டட்டும் என்றுதான் அந்த உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். 700 பவுண்டு மட்டும் தேறக்கூடிய ஒரு மனிதரிடமிருந்து 1,800 வாங்கி, அதையும் தம் வெற்றி என்று அவரே சொல்லித்திரியும்படி செய்திருக்கிறார்கள். இதைவிட நல்ல வாடிக்கையாளர் அவர்களுக்கு எங்கே கிடைப்பார்?

போவதாவது பரவாயில்லை, திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். ஆஸ்லோவில் தொடங்கிய டிக்கெட் ஆஸ்லோவில்தான் முடியும். சிங்கப்பூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பறந்து, காலையில் ஹீத்ரோவை நெருங்கும்போது ஜன்னல் வழியே ஹவுன்ஸ்லோ தெரியும். கண் கூர்மையாக இருந்தால் கொல்லைப்புறத்துக் கொடியில் காய்கிற சொந்தச் சட்டைகூடத் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. பெட்டியின் கைப்பிடியில் கட்டிய தாளில் ‘ஓ.எஸ்.எல்.’ என்று எழுதியிருக்கிறது. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கிய கோடாலித் தைலம் ஆஸ்லோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதன் பின்னாலேயே இவரும் போகவேண்டும். போய், பெட்டியை எடுத்து, அங்கேயே இன்னொரு கவுன்டரில் வரிசையில் நின்று, இன்னொரு டிக்கெட்டில் லண்டனுக்கு ஏறி, சாயங்காலம் மறுபடி அதே கூரையின்மேல் வருவார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. துணி எடுத்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். இது கஷ்டம் என்று தோன்றிய பிறகு கண்டுபிடித்த உபாயம், பெட்டியே போடாமல் போய், டிக்கெட்டின் கடைசித் துண்டான லண்டன்–ஆஸ்லோ விமானத்தை அப்படியே விட்டுவிட்டு லண்டனிலேயே நழுவிவிடுவது. பிசினஸ் கிளாஸ்காரருக்குப் பெரும்பாலும் 32 கிலோவில் இரண்டு பெட்டிக்கு உரிமை உண்டு. 64 கிலோவுக்குப் பணம் கட்டிய மனிதர் மூன்று வாரப் பயணத்துக்கு ஒரு முதுகுப்பையில் நாலு சட்டை மடித்துக்கொண்டு போகிறார். சிங்கப்பூரில் உறவுக்காரர் வீட்டில் தினம் துவைக்கிறார். தைலமும் கிடையாது. போகும்போது முதல் துண்டையும் இப்படியே விட்டுவிட்டு லண்டனில் ஏறிக்கொள்ளக் கூடாதா என்றால், கூடாது. முதல் விமானத்துக்கு வரவில்லை என்றதும் மீதி டிக்கெட் முழுவதும் ரத்து. லண்டனிலிருந்து ஆஸ்லோ போகும் மலிவு விமானம் தாமதமானாலும் அதே கதி, இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் கேட்பாரில்லை. அதற்குத்தான் முந்தின ராத்திரி ஓட்டல். இப்படி ஏழெட்டு முறை ஆஸ்லோ போயிருப்பார். விமான நிலையம் கார்டர்மோயனில், ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடலோரத்து ஓபரா அரங்கம் தெரியாது, வீகெலான் பூங்காவின் சிலைகள் தெரியாது. அவர் அறிந்த நார்வே ஓர் ஓட்டல் வராண்டாவும் விடியற்காலை மூன்றரை மணி அலாரமும்தான்.

கடைசித் துண்டை விடுவதற்குச் சட்டமே துணை நிற்கிறது என்பார். சான்றுக்கு லுஃப்தான்ஸா வழக்கு. ஆஸ்லோவிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்வர டிக்கெட் எடுத்த ஒருவர், திரும்பும்போது ஃப்ராங்க்ஃபர்ட்டிலேயே இறங்கி, வேறு டிக்கெட்டில் பெர்லினுக்குப் போய்விட்டார். விலை வித்தியாசம் என்று 2,112 யூரோ கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இவர் சொல்கிற கதையில் அந்தக் கடைசி வரி வருவதே இல்லை. அந்தத் தொகைக்கு எப்படி வந்தார்கள் என்பது பயணிக்கு விளங்குகிற மாதிரி விதிகளில் இல்லை என்பதுதான் கீழ்நீதிமன்றத்துக்குப் பெரிய குறையாகப்பட்டது. உலகத்திலுள்ள முதுகுப்பைக்காரர்களுக்கெல்லாம் அது எழுதிக்கொடுத்த உரிமைப்பத்திரம் ஆகாது.

முதுகுவலிக்காரர் படுத்துப் போக ஆசைப்படுவது தப்பா என்று கேட்டால், தப்பில்லை. ஆனால் படுத்த நேரத்தை மட்டும் எண்ணாமல் படுக்காத நேரத்தையும் எண்ணவேண்டும். முதல் துண்டான ஆஸ்லோ–லண்டன் விமானத்தில் பிசினஸ் கிளாஸ் என்பது எகானமி இருக்கையேதான். பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடமாட்டார்கள், அவ்வளவே. விமானத்தில் ஆறு மணி நேரம் நீட்டிப் படுப்பதற்காக, தரையில் ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்கிற முதுகு எந்த முதுகோ. விமானக் கம்பெனி தருகிற தங்க அட்டைக்காக என்றால் அதுவும் போயிற்று. முன்பெல்லாம் பிரிட்டிஷ் ஏர்வேஸில் தூரத்துக்கும் வகுப்புக்கும் புள்ளி, துண்டு கூடினால் புள்ளியும் கூடும். 2025 ஏப்ரலிலிருந்து பவுண்டுக்கு ஒரு புள்ளி, தங்கத்துக்கு 20,000. மலிவாக வாங்கினால் மலிவான மரியாதை. அந்த அறிவிப்பு வந்த வாரம் இவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அவர் பணம், அவர் நேரம், நமக்கென்ன என்பது கடைசி வாதம். தனியாகப் போனால் ஒப்புக்கொள்ளலாம். தனியாகப் போவதில்லையே! “அஞ்சு பேர்னா மிச்சம் அஞ்சு மடங்கு” என்று மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலிக்கிற மாமியார் எல்லாரையும் ராத்திரி பத்து மணிக்கு கார்டர்மோயனில் நடக்கவைக்கிறார். இந்திய பாஸ்போர்ட்டில் வந்திருக்கிற மாமியாருக்கு நார்வேக்குத் தனியாக விசா. அதற்காக அந்த அம்மாள் வரிசையில் நின்று கைரேகை கொடுத்திருக்கிறார். அவர் கேட்டது பேரப்பிள்ளைகளோடு சிங்கப்பூர் போய்வருவது. நார்வேயை அவர் கேட்கவில்லை. ஒருவருடைய விளையாட்டுக்கு வீடு முழுக்க ராத்திரி கண்விழிக்க வேண்டுமா? இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. ‘கொஞ்சம் சுற்றுதான்’ என்று இவர் சொல்கிற அந்தக் கொஞ்சம் முழுவதும் மற்றவர்கள் காலில்தான் விழுகிறது.

ஆனாலும் இந்த ரகத்தின்மேல் முழுசாகக் கோபப்பட முடியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் அப்பா போய்விட்டார் என்று லண்டனில் யாருக்காவது ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தால், அடுத்த போன் இவருக்குத்தான் போகும். அழுகிறவரிடம் பாஸ்போர்ட் எண் மட்டும் கேட்டு வாங்கி, பத்து நிமிஷத்தில் காலை விமானத்தில் இடம் பிடித்து, தன் கார்டிலேயே பணமும் கட்டிவிடுவார். அன்றைக்கு ஆஸ்லோ ஞாபகம் வராது, டப்ளின் ஞாபகம் வராது, விலையையும் வாய்திறந்து சொல்லமாட்டார். “ஹீத்ரோலேர்ந்து நேரா போயிடலாம், மாறவே வேண்டாம், நான் வந்து வண்டியில விட்டுர்றேன்” என்பார்; விடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவரிடமிருந்து போன் வரும். அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிடறாங்களா என்று நன்றாகவே விசாரிப்பார். பிறகு ஒரு சின்ன இடைவெளி. “திரும்பி வர்றதுக்கு இன்னும் டிக்கெட் போடலியே? சென்னையிலேர்ந்து போடாதீங்க. கொழும்பு ஒரு மணி நேரம்தான்...”