"இதுல ஒரு கட்டுரை இருக்கு தம்பி"

அவர் கண்ணெதிரே யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாது. கைகொடுத்துத் தூக்குவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். "இதுல ஒரு கட்டுரை இருக்கு தம்பி" என்பார் நம்மிடம். அதற்குள் விழுந்தவர் தானே எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, பெரியார் பஸ் ஏறிப் போயிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அச்சில் மறுபடி விழுவார். இந்தத் தடவை தன்னம்பிக்கையோடு எழுவார்.

மதுரையில் இப்படித் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெரும்பாலும் வங்கியில் ஓய்வு பெற்றவர், இல்லையென்றால் பள்ளிக்கூடம். உள்ளூர் வார இதழில் முக்கால் பக்கம் அவருக்குப் பட்டா. பத்தியின் தலைப்பில் 'துளி' கட்டாயம் இருக்கும்; தேனோ பனியோ சிந்தனையோ, ஏதாவது சொட்டும். பக்கத்தில் தாடையில் கைவைத்த போட்டோ. படைப்பு, பக்தி, குடும்பம், எளிய இன்பம் என்று நாலு வாரத்துக்கு நாலு பாடம். மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்து தொலைத்தால் 'நன்றியுணர்வு'.

இதற்கெல்லாம் சுஜாதாதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' எழுதியபோது, விஞ்ஞானம், வெண்பா, சினிமா, ஸ்ரீரங்கம் என்று எல்லாமே போகிற போக்கில் வந்து விழுவது போலிருந்தது. அப்படி விழவைக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதை நம் அண்ணன் விட்டுவிட்டார். போகிற போக்கை மட்டும் பிடித்துக்கொண்டார். லண்டனில் செஸ்டர்டன் என்று ஒருவர் 1905 முதல் 1936-இல் சாகும் வரை ஒரே பத்திரிகையில் வாராவாரம் எழுதியிருக்கிறார். இந்தத் தகவலை யாரும் அண்ணன் காதில் போட்டுவிடாதீர்கள்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு சாயங்காலம் ஜிகர்தண்டா குடிக்கப் போனோம். குடிக்கப் போனது நான். அவர் எழுதப் போயிருக்கிறார். டம்ளரைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பாதாம் பிசின், கடற்பாசி, நன்னாரி சர்பத், செம்பழுப்பாகச் சுண்டிய பால், உச்சியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். "தம்பி, இந்தப் பிசின் காய்ஞ்சு கெடக்கையில கல்லு. ராத்திரி பூரா ஊறினாத்தான் பொங்கும். கற்பனையும் அப்படித்தானே?" கடற்பாசி குடும்பமாம், பிடித்தால் வழுக்கும், விட்டால் ஒட்டும். நன்னாரி பக்தி, உள்ளே போன பிறகுதான் அதன் குளிர்ச்சி தெரியும். ஐஸ்கிரீம் எளிய இன்பம். அதை அந்தக் கணமே அனுபவித்துவிட வேண்டும், நாளைக்கு என்று ஒத்திப்போடவே கூடாது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அது முழுசாகக் கரைந்து விரலிடுக்கு வழியாக முழங்கைக்கு ஓடிவிட்டது. கடைப் பையன் காலி டம்ளருக்காக நின்றுகொண்டே இருந்தான். "பாத்தீங்களா, பொறுமை!" என்று அவனையும் குறித்துக்கொண்டார். காசு நான்தான் கொடுத்தேன். கட்டுரையில் அது 'நட்பு' என்று வந்தது.

தத்தனேரி சுடுகாட்டில்கூட விடவில்லை. கொள்ளி வைக்கப்போகிற நேரம் என் தோளை அழுத்தி, அதே வாக்கியத்தைக் கொஞ்சம் குரல் இறக்கிச் சொன்னார். இறந்தவரின் மகன் திரும்பிப் பார்த்தான். ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பக்தி வாரங்களில் அவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கட்டுரையைப் புதன்கிழமையே கொடுத்துவிட வேண்டும். ஒரு வருஷம் சித்ரா பௌர்ணமி அதற்குப் பிறகு வந்தது. அசரவில்லையே! தல்லாகுளத்து எதிர்சேவை, தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தங்கக் குதிரையில் அழகர் வைகைக்குள் இறங்கும் விடியல், தன் கன்னத்தில் வழிந்த கண்ணீர் எல்லாவற்றையும் அழகர் மலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்று பார்க்கத்தானே ஊரே ராப்பூராவும் ஆற்றுக்குள் நிற்கிறது? பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும் என்று நம்பிக்கை. அது முன்கூட்டித் தெரியாது. அண்ணன் எப்படிச் சமாளித்தார் என்று ஆவலோடு தேடிப் படித்தேன். 'அன்று அவர் உடுத்தி வந்த பட்டின் நிறத்தைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை' என்று எழுதியிருந்தார். விடிகாலை ஆற்றில் இறங்கியவர் அழகர்தான். இவர் வீட்டில் டிவி முன்னால் இருந்தார். கூட்டத்துக்குள் போனால் பிரஷர் ஏறுமாம்.

செப்டம்பரில் காந்தி. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில்தான் காந்தி சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஆகவே வருஷாவருஷம் 'எளிமை'. அந்தக் கட்டுரை வெளிவந்த காலையில், காலரில் கஞ்சி பத்தவில்லை என்று இஸ்திரி வண்டிக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். மருமகன் ஒருமுறை சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சொல்லி, 'உறவும் உப்பும்' ஆகிப்போனார். அதிலிருந்து மாமனார் வீட்டில் எது கொடுத்தாலும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறார். ஒன்றாம் வகுப்புப் பேரன், 'தாத்தா, மரம் ஏன் நிழலைத் தனக்கு வச்சுக்கல?' என்று அச்சில் கேட்கிறான். எனக்குத் தெரிந்து அந்தப் பிள்ளை தாத்தாவிடம் கேட்ட ஒரே கேள்வி, "போன்ல சார்ஜ் இருக்கா?" மதினி என்னை வாசலிலேயே மடக்கி, "தம்பி, சீனி தீந்துபோச்சு. இவுகளுக்குத் தெரியாம வாங்கிட்டு வந்திருங்க" என்று கிசுகிசுத்தார். போன தடவை தீர்ந்தபோது அது ரெண்டு வாரம் ஓடியதாம்.

அந்த மதினி விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. விடிகாலைக் காப்பியின் மணம் பற்றி அண்ணன் எத்தனையோ எழுதியிருக்கிறார். அதில் டிகாஷன் தானாக இறங்குகிறது, பால் தானாகப் பொங்குகிறது. மூட்டுவலியோடு இருட்டில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிற ஆள் கட்டுரையில் கிடையாது. இட்லியின் வெண்மை வரும், மாவாட்டியவர் வரமாட்டார். மனைவியின் கூந்தலில் மதுரை மல்லிகை என்று உருகுவார். மார்கழியில் பனி விழுந்து வரத்துக் குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும்போது, அந்தக் கூந்தலுக்கு ஒரு முழம் வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. எழுதுகிற மேஜையிலிருந்து எழுந்து ஒரு டம்ளரைக் கழுவி வைத்தால் என்ன?

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். அவர் எழுதியதில் ஒன்றை வெட்டி டைரிக்குள் வைத்திருக்கிறேன். அவருடைய அப்பா புதுமண்டபத்தில் தையல்காரர். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு ரொம்பக் காலம் முந்தைய கதை. கல்தூணை ஒட்டி மெஷின். அப்பா வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். அதனால் பேசமாட்டார், அளவெடுக்க வந்தவர்களைக் கண்ணாலேயே திருப்புவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, மிதியில் ஏறி இறங்கும் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து அங்கேயே தூங்கிவிட்டான். எழுப்பியபோது அப்பா வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டு, "சாப்புட்டியா?" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாராட்டலாம் என்று போன் போட்டால், மறுமுனையில் ஒரே கொந்தளிப்பு. "உயிரையே வெட்டிட்டாய்ங்க தம்பி!" கடைசி நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து, அவருடைய முடிவுப் பத்திகள் மூன்றும் பறிபோய்விட்டனவாம்.

அடுத்த வாரம் அந்த மூன்றையும் இழுத்து நீட்டித் தனிக் கட்டுரையாகவே போட்டார்: ஊசி, நூல், வாழ்க்கை. முழுப் பக்கம். அந்த வாரம் பார்த்து ஒரு நகைக்கடைக்காரருக்கும் விளம்பரம் கொடுக்கத் தோன்றவில்லை.