மிதவை டிரம்மின் வாய்த்திசை: ஒரு முன்னாய்வு

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தை ஒட்டிக் கபாலீஸ்வரர் வலம் வரும் தெப்பத்தைத் தாங்குபவை காலி டிரம்கள். மேலே உள்ள பூவையும் விளக்கையும் பாடுவதற்குப் புலவர் உண்டு. அடியில் இருக்கும் டிரம்மை அறிந்தவர், கட்டுகிற ஆசாரி ஒருவரே. அவருக்கு முனைவர் பட்டம் இல்லாததால் அவர் சொல்வது தரவாகலாம், முடிவாகாது.

முதலில் சொல்லாய்வு. டிரம் ஆங்கிலச் சொல் என்பது மேலோட்டமான பார்வை. ஆடாமல் நிற்பது திரம். திரம் திரிந்து டிரம். (சான்று: மூன்றாம் டிரம், அடிப்பட்டை, துருவுக்குக் கீழே, இரண்டாம் வரி. அவ்வரி இன்று சிதைந்துள்ளது. சிதையாதிருந்தால் இதையே சொல்லியிருக்கும்.)

வரலாறு: 72 நாளில் உலகைச் சுற்றிய பத்திரிகையாளர் நெல்லி பிளையின் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹென்றி வேர்ஹான் 1905இல் இரும்பு டிரம்முக்குக் காப்புரிமை பெற்றார். இது மேற்கண்ட சொல்லாய்வுக்கு ஒத்துவராததால் இத்துடன் விடப்படுகிறது.

இயற்பியல் எளிது. 200 லிட்டர் டிரம்மின் எடை ஏறத்தாழ 20 கிலோ. பாதி மூழ்கினால் 100 கிலோ தண்ணீரை விலக்கும். மேலே 80 கிலோ ஏற்றலாம். ஆசாரி கணக்கில், டிரம்முக்கு ஓர் ஆள்.

இனி வாய்த்திசை. இங்கேதான் அறிஞருலகம் இரண்டுபட்டது. டிரம்மின் ஒரே முகத்தில், எதிரெதிர் ஓரங்களில் இரண்டு வாய்: ஒன்று இரண்டு அங்குலம், மற்றது முக்கால் அங்குலம். படுக்கவைத்தால் பெரிய வாய் மேலே என்பது வடகலை. சின்ன வாய் மேலே என்பது தென்கலை. எதை மேலே வைத்தாலும் மற்றது தண்ணீருக்குள். இரண்டையும் பக்கவாட்டில் வைத்த சமரசவாதிகளுக்கு இரண்டுமே நீர்மட்டத்தில் நின்றன. (காண்க: முதல் டிரம், மூடியின் உட்புறம், கிரீஸ் படிந்த பாடம், ஒப்பிடுக: அதே மூடி, கிரீஸ் துடைத்த பாடம், மறுப்பு: வாஷர், அதிலும் தேய்ந்த பாதி.)

சண்டை வீணல்ல. உச்சி வெயிலில் சூடேறிய டிரம்மை மூடிக் குளத்தில் இறக்கினால் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும். மூடி தளர்ந்திருந்தால், நீருக்குள் இருக்கும் வாய் மெல்லத் தண்ணீர் குடிக்கும். குடித்த நீர் உள்ளே அங்குமிங்கும் ஓட, தெப்பம் ஒரு பக்கம் சாயும்.

பெட்ரோல் இருந்த டிரம்மைக் கழுவாமல் வெல்டிங் வைக்கலாமா என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. உள்ளே மிஞ்சிய ஆவி, மாற்றுக் கருத்தாளர்களை மிச்சம் வைப்பதில்லை.

கடைசியாக ஆய்வாளர் குறிப்பேடும் கையுமாகக் களத்துக்குப் போனார். ஆசாரி இரண்டு மூடிக்கும் டெஃப்லான் டேப் சுற்றி, ஸ்பானரால் முடுக்கி, மேலே எம்-சீல் அப்பி முடித்திருந்தார். அது காய்ந்ததும் டிரம்மைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

“எந்த வாய் மேலே?” என்றார் ஆய்வாளர்.

“உங்க வாய்தான் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இன்னும் நாப்பது டிரம் இறக்கணும்.”