நுரைக்கு 177.25 டி.எம்.சி.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு டியூபை நீட்டினான். "மாமா, மூணு பிளேடு ரேசரெல்லாம் காலி. இப்ப உலகமே பழையபடி பிரஷ்ஷு, ரெட்டை முனை பிளேடுன்னு திரும்பிடுச்சு. இதுக்குப் பேரு வெட் ஷேவிங்." நான் அங்கிருந்து கிளம்பவே இல்லையே, எங்கே திரும்புவது? கில்லெட் என்ற அமெரிக்கர் 1904-இல் காப்புரிமை வாங்கிய அந்தத் திருகு ரேசர் வகைதான் அப்பாவுக்கு, எனக்கும் அதுவே. புதிதாகக் கிடைத்தது பேரும், டியூபின் மேலிருந்த விலையும்தான்.

அட்டையில் ஒரு வெள்ளைக்காரர். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க்காப்பு சாத்தியதுபோல் கன்னமெல்லாம் நுரை. அதே க்ரீமை நான் தேய்த்தேன். பதினெட்டு அடி ஆஞ்சநேயரை விடுங்கள், அவர் வால் நுனிக்குக்கூடக் காணாத அளவுக்கு ஒரு சாம்பல் வழவழப்பு வந்தது. தண்ணீர் விட்டால் ஓடுகிறது, விடாவிட்டால் காய்கிறது. இடது கன்னத்தை முடித்து வலது பக்கம் வருவதற்குள் அங்கே வெறும் தோல்தான் காத்திருக்கிறது. பிளேடு போகும் சத்தம் அடுப்படி வரை கேட்டிருக்கிறது. "அங்க என்னத்தைங்க சுரண்டறீங்க?" சந்தன வாசனைக்கு மட்டும் குறைவில்லை. கீறலுக்குப் படிகாரம் வைத்தபோதும் கமகமத்தது.

க்ரீமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் தண்ணீரையும் விசாரிப்பதுதான் நியாயம். ஷேவிங் க்ரீம் என்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியம் காரத்தோடு சேர்த்துக் கிளறிய சோப்புதான். கிளிசரினும் வாசனையும் அதன்மேல் வருபவை. கால்சியமும் மக்னீசியமும் உள்ள தண்ணீரில் அந்தச் சோப்பு நுரைப்பதை விட்டுவிட்டு, அவற்றோடு சேர்ந்து திப்பிதிப்பியாகத் திரண்டுவிடும். எங்கள் சேலமோ மக்னீசியக் கல்லின் பேரில் ரயில் நிலையமே வைத்திருக்கும் ஊர்: மேக்னசைட் ஜங்ஷன். ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று எழுதி வைத்த கரடுகளில் தோண்டுவது அந்தக் கல்லைத்தான். போதாததற்கு, இந்தியா முழுக்கத் துளை போடப் போகும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எங்கள் தெருவையும் விட்டுவைக்கவில்லை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் உப்புத்தண்ணியை அளக்க ஆய்வகம் எதற்கு? கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

ஆகவே காவிரி. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணி எங்கள் பக்கம் தான் நினைத்த நாளில்தான் வரும். வந்த அன்று குடத்தில் பிடித்து, பருப்பு வேகவைக்க என்று மூடி வைத்திருக்கும். அதில் ஒரு சொம்பு மொண்டேன்.

"குடிக்கிற தண்ணியையா மூஞ்சிக்கு எடுக்கறீங்க?"

2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதில் எனக்கு ஒரு சொம்பு வராதா என்று வாதாடினேன்.

"அது பிலிகுண்டுலு வரைக்குங்க. இது என்ற அடுப்படி."

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. பாதிச் சொம்பு அனுமதி.

பாதிச் சொம்புக்கு நுரை வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை. தாடைக்கு இறங்குவதற்குள் அடங்கிவிட்டது. மீதித் தண்ணீரில் மளிகைக் கடையில் வாங்கிய சாதா க்ரீமைக் கலக்கினேன். அது மூக்குத் துவாரம் வரை ஏறியது. அதே சாதா க்ரீம் உப்புத்தண்ணியிலும் பிரஷ்ஷைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றினால் சமாளித்துவிடும். இனி தண்ணீர்மேல் பழி போட முடியாது. தெருமுனை சலூன்காரர் டியூபைப் பிதுக்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். "வாசனைக்குக் காசு வாங்கியிருக்கானுங்ணா. க்ரீமு இனாம்."

பின்னால்தான் ஒரு உபயோகம் தெரிந்தது. ஷேவிங் க்ரீமைக் கண்ணாடியில் லேசாகத் தடவித் துடைத்துவிட்டால் ஆவி படியாது. குளியலறைக் கண்ணாடியில் செய்து பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியை ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம், மழைக்கு ஆகும் என்று டியூபைக் கொடுத்தேன். நாக்பூர் போய்விட்டு வந்து, "சூப்பருங்ணா! உள்பக்கம் பனியே புடிக்கலை. எந்தக் கடையில வாங்குனீங்க?" என்றான்.

கடையையும் சொன்னேன், விலையையும் சொன்னேன்.

"அடப் போங்ணா! வெளிப்பக்கத்துக்குத் தேய்க்கற புகையிலையையே உள்ளேயும் தேய்ச்சுக்கறேன்."